செயலாளரும் பிளாட்பாரமும்

எங்கள் கடைத்தெருவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சங்கத் தலைவர் பத்திரிகை விடாமல் படிக்கிறவர். தி.நகரிலிருந்து பஸ்ஸில் நாலைந்து நிறுத்தம் தள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மளிகை, பாத்திரம், ஜவுளி, மருந்து, டெய்லர், மொபைல் ரிப்பேர் என்று வரிசையாகப் போய், முனைக்குச் சற்று முன்னால் ஒரு ஸ்டேஷனரி கடை வரும். அது என்னுடையது. ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் உண்டு.

வியாபாரிகள் சங்கப் பொதுக்குழுவில் செயலாளர் தேர்வு நடந்தபோது நான் போண்டா வாங்கப் போயிருந்தேன். பொட்டலத்தோடு திரும்பினால் கைதட்டல். போண்டாவுக்குத்தான் என்று நினைத்து நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று மினிட் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள்.

பதவிக்கு ஆள் கிடைக்காததற்குக் காரணம் இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில், எங்கள் தெருவிலேயே, ஒரு அம்மாவின் சங்கிலியை பைக்கில் வந்தவர்கள் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த அம்மா விழுந்து முழங்கை உடைந்தது. ஏற்கெனவே பாதி வாடிக்கை போனுக்குள் போயிருந்தது, மீதியில் பாதி ஏ.சி. மாலுக்கு. இப்போது மிச்சமிருந்த பெண்களும் ஏழு மணிக்கு மேல் வருவதில்லை. தெருவுக்கு உயிர் கொடுக்க வேண்டும், ஜனங்கள் பயமில்லாமல் வர வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். “தம்பி படிச்சவரு, பாத்துக்கிடுவாரு” என்றார் மளிகைக்கடை அண்ணாச்சி. என் படிப்பு பி.காம்., அதுவும் அரியரோடு முடித்தது. ஆனால் மறுக்கத் தோன்றவில்லை. உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. தெருமுனையில் என் பெயர் பொறித்த ஒரு கல்வெட்டு.

படித்தவன் முதலில் செய்வது ஆய்வுப் பயணம். பாண்டி பஜாருக்குப் போவதென்று முடிவு செய்தேன். சர் தியாகராய சாலை என்று பலகையில் இருந்தாலும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 2019 நவம்பரில் அதை நடப்பவர்களுக்கான வளாகமாக மாற்றித் திறந்தார்கள். சீர்மிகு நகரத் திட்டத்தில் சுமார் 40 கோடி ரூபாய் செலவு. வண்டி ஓடும் இடத்தைக் குறுக்கி, பிளாட்பாரத்தை அகலமாக்கி, மரங்களை விட்டுவைத்து, பெஞ்சு போட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் நான் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். நடைபாதையைப் படிக்கப் போன எங்கள் குழு, ஆளுக்கொரு வண்டியில் போனது. பக்கத்திலேயே 200 கார்களுக்கு மேல் நிறுத்தும் தானியங்கி அடுக்குமாடி நிறுத்தம் இருக்கிறது. அதற்குக் காசு கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. நானும் சந்து சந்தாகச் சுற்றி, யாரோ ஒருவர் வீட்டு கேட்டை மறித்து நிறுத்திவிட்டுத்தான் ‘நடப்போர் உரிமை’ பற்றிப் பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். குழந்தைகள் ஓடினார்கள், வயசானவர்கள் பெஞ்சில் கால் நீட்டியிருந்தார்கள், இளசுகள் செல்ஃபி எடுத்தார்கள். அண்ணாச்சி ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“உக்காந்திருக்கவன் எங்கவே வாங்கப் போறான்?”

உட்கார்ந்தவன் எழுந்திருப்பான், எழுந்தவன் நடப்பான், நடக்கிறவன் ஜன்னலைப் பார்ப்பான், பார்த்தவன் வாங்குவான் என்று நீளமாக விளக்கினேன். விளக்கிக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தவன் கிளம்பும்வரை எழுந்திருக்கவில்லை. வாங்கியது ஒரு மசாலா சோளம். அதற்கும் அண்ணாச்சிதான் காசு கொடுத்தார்.

இன்னொரு சமாசாரமும் அவர் சொன்னார். 2023-இல் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 570 மீட்டருக்கு ஆகாய நடைபாதை திறந்தார்கள். ரங்கநாதன் தெரு நெரிசலில் இடிபடாமல் போகலாம். நான் அதைப் புகழ்ந்தபோது, “நடக்கவனுக்கு நல்லதுதான். கீழ கடை போட்டிருக்கவன் மேல போறவனோட செருப்பத்தான பாக்கணும்” என்றார். குறிப்பேட்டில் இதை எழுதவில்லை. என் யோசனையாக இல்லாததால்.

பாண்டி பஜாரில் இன்னொரு கட்டடமும் உண்டு. முன்பு அந்த பிளாட்பாரம் முழுக்கக் கம்மல், வளையல், ரிப்பன், நைட்டி என்று கடைகள் இருந்தன. நீதிமன்ற உத்தரவுகளின் பேரில் 2013-இல் 600-க்கும் மேற்பட்ட வியாபாரிகளை அங்கிருந்து எடுத்து, மாநகராட்சி கட்டிய மாடி வளாகத்துக்குள் அனுப்பினார்கள். அப்போது நான் அதை ஆதரித்துப் பேசாத டீக்கடை இல்லை. பிளாட்பாரம் நடப்பதற்கு, அவர்களுக்கும் கூரை கிடைத்தது, இரண்டு பேருக்கும் லாபம் என்றெல்லாம் சொன்னேன். அதன் பிறகு எத்தனையோ தீபாவளி வந்துபோனது. அந்த மாடி ஏறி ஒரு சேஃப்டி பின்கூட நான் வாங்கியதில்லை. மாடியில் வியாபாரம் படுத்துவிட்டது என்று அவர்கள் சொன்ன செய்தியைப் பேப்பரில் பார்த்து, “ஜனங்களுக்கு ஏற சோம்பேறித்தனம்” என்று வருத்தப்பட்டேன்.

எங்கள் தெருவுக்குத் திரும்பியதும் கணக்கெடுப்பில் இறங்கினேன். காரை நிறுத்த இடமில்லாவிட்டால் வியாபாரம் செத்துவிடும் என்பது எங்கள் சங்கத்தின் வேதம். இதே வேதத்தை 2006-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரக் கடைத்தெருக்களில் சோதித்திருக்கிறார்கள். வாடிக்கையாளரில் 41 சதவீதம் பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் சொன்னார்கள். வந்தவர்களையே கேட்டால் 22 சதவீதம்தான். கடைக்காரன் கார்க்காரனை மட்டுமே ஞாபகம் வைத்துக்கொள்கிறான் போலிருக்கிறது. எங்கள் தெருவில் இன்னும் குறைவாகத்தான் இருக்கும் என்று எனக்கு நிச்சயம். நிரூபித்தால் போதும்.

பேனா, அட்டை, என் கடை ரூல்டு நோட்டு சகிதம் ஜவுளிக்கடை வாசலில் நின்று, வருகிறவர்களை “எதில் வந்தீங்க?” என்று கேட்டேன். முதல் அம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக நடந்தார். இரண்டாவது ஆள் நான் வரி ஆபீஸ் என்று நினைத்து, எதுவுமே வாங்கவில்லை என்றார், கையில் இரண்டு கட்டைப் பையோடு. ஒரு பெண்மணி நேரே கடைக்குள் போய், “வாசல்ல ஒருத்தர் லேடீஸா பார்த்துப் பேச்சு குடுக்கறார்” என்று புகார் செய்தார். பெண்கள் பயமில்லாமல் வரவேண்டும் என்பதற்காகத் தொடங்கிய பணி. ஜவுளிக்கடைக்காரர் வெளியே வந்து, “சார், வியாபார நேரம்” என்று மட்டும் சொன்னார். நோட்டை வீணாக்காமல் விற்றுவிட்டேன். முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான்.

கணக்கு சரிப்படாவிட்டால் கேமரா. சென்னைக் காவல்துறை சில வருடங்களாகவே ‘மூன்றாவது கண்’ என்று கடைக்காரர்களையும் குடியிருப்போரையும் சிசிடிவி வைக்கச் சொல்லி ஊக்கப்படுத்தி வந்தது. சங்க நிதியோடு தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து, தெருவின் இரண்டு முனையிலும் நடுவிலும் மாட்டினோம். திருடனுக்குக் கேமரா இருப்பது தெரிந்தால்தானே பயப்படுவான்? எனவே ‘இத்தெரு முழுவதும் கண்காணிப்பு கேமராவின் கீழ் உள்ளது – இப்படிக்கு செயலாளர்’ என்று பெரிய பிளெக்ஸ் அடித்து, என் படத்தையும் ஓரத்தில் சிறியதாகப் போட்டுக் கட்டினேன். சிறியது என்றால், மற்ற படங்களைவிடக் கொஞ்சம் பெரியது.

அடுத்த மாதமே மருந்துக்கடைப் பையனின் சைக்கிள் காணாமல் போனது. கெத்தாக டிவிஆர் முன்னால் எல்லோரையும் உட்கார வைத்து ஓட்டிக் காட்டினேன். திரை முழுக்க நீல நிறம் காற்றில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. பிளெக்ஸின் பின்பக்கம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. “போர்டு தெளிவா தெரியுது” என்றார் டெய்லர் பாய்.

தீயணைப்புப் பயிற்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் பெரிய துணிக்கடை ஒன்று எரிந்தது. தீ ஒரு நாளுக்கு மேல் அடங்கவில்லை. கடைசியில் கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. அந்த பயத்தில் எங்கள் தெருவில் எல்லோரும் சிவப்பு சிலிண்டர் வாங்கினோம். என்னுடையது காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்கப் பயன்பட்டது. செயலாளர் ஆனதும், பின்னைப் பிடுங்கு, தீயின் அடியைக் குறிவை, கைப்பிடியை அமுக்கு, இடவலமாக வீசு என்று நாலு வரியை லேமினேட் செய்து எல்லாக் கடைக்கும் கொடுத்தேன். செய்முறை விளக்கத்தை வெளியே வெயிலாக இருந்ததால் என் கடைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். பவுடர் என்பது உண்மையிலேயே பவுடர் என்று அன்று தெரிந்தது. நோட்டு, வரைபடத் தாள், ஜெராக்ஸ் மெஷின், பார்க்க வந்த தலைவர் எல்லாம் ஒரே வெள்ளை.

இனி பிளாட்பாரத்துக்கு வருவோம். என் நிஜமான வீழ்ச்சி அங்கேதான்.

எங்கள் பிளாட்பாரத்தில் ஒரு பூக்காரம்மா, இஸ்திரி வண்டி, இளநீர், சாயங்காலமானால் ஒரு சுண்டல் வண்டி. நடக்க இடமில்லை, அதனால் கூட்டம் சாலையில் இறங்குகிறது, அதனால் பைக்கில் வருகிறவன் கைக்கெட்டும் தூரத்தில் சங்கிலி. இதுதான் என் வாதம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நால்வரையும் அகற்றச் சொல்லி மனு எழுதினேன். மனு கொடுக்கப் போகிறவன் சட்டம் தெரிந்து போகவேண்டும் என்று, தெரு வியாபாரிகள் சட்டம் 2014-ஐ ராத்திரி உட்கார்ந்து படித்தேன். அவர்களை எடுப்பதற்கு ஏதாவது பிரிவு இருக்கும் என்ற நம்பிக்கை. சட்டத்தின் பெயரிலேயே ‘வாழ்வாதாரப் பாதுகாப்பு’ என்று இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை ஒருவரையும் அகற்றக்கூடாது என்கிறது மூன்றாவது பிரிவு. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகளாக இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கடைக்காரர் சங்கச் செயலாளர் சொன்னால் எடுத்துவிடலாம் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. போனை அணைத்துவிட்டுப் படுத்தேன். மனுவை மட்டும் மறுநாள் கொடுத்தேன். தட்டச்சு செய்தாகிவிட்டது, வீணாக்குவானேன்.

செய்தி எனக்கு முன்னால் தெருவுக்கு வந்துவிட்டது.

“இன்னா சார், என்னை எடுக்கணும்னு மனு குடுத்துக்கினியாமே?”

பொதுவாக எழுதியதுதான் என்று இழுத்தேன். பூக்காரம்மா சுருக்குப் பையைத் திறந்து, வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். படம் போட்ட வியாபாரி அடையாள அட்டை. லேமினேட் செய்திருந்தது. என் கடையில் செய்ததுதான். பத்து ரூபாய் வாங்கியிருப்பேன்.

அந்த வருடம் பண்டிகைக் கூட்டத்துக்காகக் கொஞ்ச நாள் பிளாட்பாரக் கடைகளை ஒதுங்கியிருக்கச் சொன்னார்கள். நான் சாதித்துவிட்டதாகச் சங்கத்தில் சொல்லிக்கொண்டேன். முதல் நாள் சாயங்காலம் பிளாட்பாரம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. இருட்டியதும்தான் தெரிந்தது, பூக்காரம்மாவின் எல்.இ.டி. பல்பும், சுண்டல் வண்டியின் விளக்கும், இஸ்திரி வண்டிக் கரியின் சிவப்பும் சேர்ந்துதான் அந்த மூலையில் வெளிச்சம். தெருவிளக்கு அங்கே ஒரு மரத்துக்குள் எரிகிறது, கிளைகளுக்கு மட்டும். எட்டரை மணிக்கு நான் ஷட்டரை இறக்கிவிட்டு வண்டி வரை நடந்தபோது, பின்னால் யாரோ வருகிறார்கள் என்று சாவியைக் கைவிரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டேன். வந்தது டெய்லர் பாய். அவரும் சாவியை அப்படித்தான் பிடித்திருந்தார்.

கட்டடக்கலை படிக்கும் என் அக்கா மகள் இதைக் கேட்டுச் சிரித்தாள். “மாமா, ஜேன் ஜேக்கப்ஸ்னு ஒருத்தங்க நியூயார்க்ல ஒரு கடைத்தெரு மேல குடியிருந்துக்கிட்டு 1961-லயே இதை எழுதிட்டாங்க. தெருவைப் பார்த்துக்கிட்டு எப்பவும் நாலு கண்ணு இருக்கணும். போலீஸ் வர்றதுக்கு முன்னாடியே தெரு பத்திரமா இருக்கிறது அதனாலதான்.” புத்தகத்தையும் கொடுத்துவிட்டுப் போனாள். தடிமனான புத்தகம். ஜெராக்ஸ் தாள் பறக்காமல் இருக்க நன்றாக உதவுகிறது. அவள் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. சங்கிலி அறுத்த அன்று போலீஸ் வந்து விசாரித்தபோது, தெருவைப் பார்க்கக் கண்ணாடிக் கதவு போட்டிருக்கும் நான், “கல்லாவுல இருந்தேன் சார், கவனிக்கல” என்றேன். ஜவுளிக்கடைக்காரரும் அதையே சொன்னார். பைக்கில் வந்த இரண்டு பேரும் முன்னமே இரண்டு சுற்று வந்தார்கள், பின்னால் இருந்தவன் கையில் கட்டு போட்டிருந்தான், வண்டிக்கு ஒரு பக்கக் கண்ணாடி இல்லை என்று சொன்னது பூக்காரம்மா. கீழே விழுந்த அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தது இஸ்திரிக்காரர். இதெல்லாம் என் மனுவில் இடம்பெறவில்லை. ஒரு பக்கத்துக்குள் முடிக்க வேண்டியிருந்தது.

பண்டிகை முடிந்ததும் பிளாட்பாரக் கடைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். நானே போய், சங்கம் சார்பில் மகிழ்ச்சி தெரிவித்தேன். “எந்தச் சங்கம்?” என்று கேட்டார் சுண்டல்காரர்.

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்கு இன்னும் ஒரு ஆயுதம் மிச்சமிருந்தது. சென்னை மாநகராட்சி 2014-இலேயே இயந்திரமில்லாப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டிருக்கிறது. போக்குவரத்துச் செலவில் 60 சதவீதமாவது நடப்பதற்கும் சைக்கிளுக்கும் என்கிறது அது. அதை ஜெராக்ஸ் எடுத்து, முக்கிய வரிகளில் மஞ்சள் மார்க்கர் போட்டு, எங்கள் பகுதியைப் பார்க்க வந்த ஒரு பொறியாளரிடம் நீட்டினேன். இளைஞர். பொறுமையாகப் படித்தார். “நல்லா இருக்கு சார். எங்க ஆரம்பிக்கலாம்?” என்றார். இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் என்று கை காட்டினேன்.

அவர் டேப்பை எடுத்தார். நடக்க மட்டும் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாமல் வேண்டும், அது இந்திய சாலைக் காங்கிரஸின் அளவு என்றார். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் ஒதுங்கிப் போகலாம். பூக்காரம்மா கூடையைத் தாண்டி அளந்தார். கூடை சுவரோரம் இருந்ததால் இடம் தாராளம். இஸ்திரி வண்டி பரவாயில்லை. இளநீர்க் குவியலைக் கொஞ்சம் ஒதுக்கச் சொன்னார், ஒதுக்கினார்கள். அப்படியே அளந்துகொண்டு வந்தவர் என் கடை வாசலில் நின்றார்.

என் கடைக்கு மூன்று படி. அதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டதில் சாலை உயர்ந்துகொண்டே வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஒரு சீசன் நோட்டு முழுக்கக் கூழாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் தரையை ஏற்றி, படி கட்டினேன். மழைக்காகக் கட்டியது. ஆனால் படி கட்டிய பிறகு, படிக்கு இரண்டு பக்கமும் இடம் சும்மாத்தானே இருக்கிறது என்று உலக உருண்டை, சார்ட் பேப்பர் ஸ்டாண்டு, ‘ஜெராக்ஸ் 1 ரூபாய்’ போர்டு மூன்றையும் வைத்ததற்கும் மழைக்கும் சம்பந்தமில்லை. டேப்பை நீட்டிப் பார்த்தால், மிச்சமிருந்த இடத்தில் ஒரு பூனை போகலாம், அதுவும் கர்ப்பமாக இல்லாவிட்டால்.

“இது யார் கடை சார்?” என்றார் பொறியாளர். அண்ணாச்சி, டெய்லர் பாய், பூக்காரம்மா எல்லோரும் ஆர்வத்தோடு என்னைப் பார்த்தார்கள்.

உள்பக்கமாகப் படியை வைக்கலாம், சாய்தளமும் கொடுக்கலாம், கடைக்குள் நாலடி போகும், அவ்வளவுதான் என்று அவரே ஒரு படம் வரைந்து கொடுத்தார். என் கடைத் தாளில்தான். சங்கக் கூட்டத்தில் தீர்மானமாகவே நிறைவேற்றினோம். அவரவர் படியை அவரவர் உள்ளிழுக்க வேண்டும், முன்மாதிரியாகச் செயலாளர் கடையிலிருந்து தொடங்க வேண்டும். முன்மொழிந்தவன் நான். கொத்தனாரையும் நானே பேசினேன்.

அவர் முதலில் வந்தது மே மாதம். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள், நோட்டு சீசன், ஜூலையில் வாருங்கள் என்றேன். ஜூலையில் கல்லூரி சேர்க்கை, சான்றிதழ் ஜெராக்ஸுக்குத் தெருவில் வரிசை நிற்கும். பிறகு ஆயுத பூஜை, கணக்கு நோட்டு. டிசம்பரில் டைரியும் காலண்டரும். மார்ச்சில் ஹால் டிக்கெட். ஸ்டேஷனரிக் கடைக்காரனுக்கு வருடத்தில் மந்தமான மாதம் என்று ஒன்று கிடையாது என்பதை அதுவரை நானே உணர்ந்ததில்லை. வியாபாரமில்லை என்று அதுவரை சங்கத்தில் அழுதுகொண்டிருந்தவனும் நான்தான்.

சும்மா போய் வந்துகொண்டிருந்த கொத்தனாரை அண்ணாச்சி கூப்பிட்டு வைத்துக்கொண்டார். இரண்டே நாளில் மளிகைக்கடைப் படி உள்ளே போய்விட்டது. சாய்தளத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டே மூட்டை இறக்க முடிகிறது என்று அவருக்கு சந்தோஷம். அதைப் பார்த்து மருந்துக்கடை, பாத்திரக்கடை, கடைசியில் ஜவுளிக்கடையும் செய்துவிட்டது. இப்போது சாயங்காலத்தில் கைக்குழந்தையோடும் தள்ளுவண்டியோடும் வருகிறார்கள். முழங்கை உடைந்த அந்த அம்மாவையும் ஒரு நாள் பார்த்தேன், கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் போட்டுக்கொண்டு, முழம் மல்லிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

பூ வாங்கிக்கொண்டு வங்கிக்கு வழி கேட்டார். பூக்காரம்மா நார் கிழிப்பதை நிறுத்தாமல் சொன்னார்:

“நேரா பிளாட்பாரத்துலயே போம்மா, ஒண்ணும் பயமில்ல. செகரெட்ரி சார் கடை வரும், அங்க மட்டும் ரோட்ல எறங்கிக்க. தாண்டினதும் ஏறிக்க.”